தலை தீபாவளிக்குப் போகும் மாப்பிள்ளைகளுக்கு ஒரு வைஃபை கையேடு

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று பெண் பார்க்கப் போன அன்றே சொல்லியாகிவிட்டது. அங்கே நீங்கள் பார்ப்பது சம்பளப் பட்டுவாடாவாக இருக்கலாம், கேன்டீன் கான்ட்ராக்டாகக்கூட இருக்கலாம். அந்த விவரத்துக்குள் யாரும் போகவில்லை. இப்போது முதல் தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டி கட்டி, லேகியம் விழுங்கி, ஐந்தாவது இட்லிக்கு அத்தை வற்புறுத்திக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து மாமனார் தொண்டையைக் கனைப்பார்.

"மாப்பிள்ளை, இந்த வைஃபை கொஞ்ச நாளா சரியில்ல. கொல்லை ரூம் கம்ப்யூட்டர்ல வர்றதே இல்ல. முன்னாடி கூடத்துலயும் விடியக்காலைல போனா சாயங்காலம்தான் வருது, ஆத்துல முறை வச்சுத் தண்ணி விடற மாதிரி. ஒரு பார்வை பார்த்துடறீங்களா?"

முந்தின நாள்தான் மோதிரம் போட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல வழியில்லை. கும்பகோணத்துப் பக்கம் என் மாமனார் வீட்டில் எனக்கு நேர்ந்ததை வைத்து, இனிமேல் போகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகளைத் தருகிறேன்.

முதலில் வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கைலிக்கு மாறுங்கள். மேஜைக்கு அடியில் நுழைய வேண்டியிருக்கும். அடுத்து, யாரிடமும் எதையும் கேட்காதீர்கள். கேள்வி கேட்கிற டாக்டரை நம்முடைய ஜனங்கள் மதிப்பதில்லை, நாடி பிடித்த மாத்திரத்தில் சொல்பவரைத்தான் மதிப்பார்கள். குறிப்பாக அடுப்பங்கரைப் பக்கம் போய் விசாரிக்க வேண்டாம். வைஃபைக்கும் அத்தைக்கும் என்ன சம்பந்தம்?

இனி ரூட்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அலை நன்றாகப் பரவ வேண்டுமென்றால் அது வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில், நாலு பக்கமும் திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். நடைமுறையில், ஒயர் இழுக்க வந்த தம்பி எந்த ஜன்னலில் ஏற்கெனவே ஓட்டை இருந்ததோ அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார். எங்கள் மாமா வீட்டில் அது வாசல் கூடத்து ஷோகேஸ். முன்னால் பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. பின்னால், மச்சான் எட்டாம் வகுப்பில் வாங்கிய ஓட்டப்பந்தயக் கோப்பை. ரூட்டரின் தலையில் அத்தை கையால் பின்னிய குரோஷா துணி, நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும். பின்புறத்து எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ரூட்டரின் அடாப்டரும் கொசு மருந்து மிஷினும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன. பெட்டிக்கும் ஒரே ஒரு சுவிட்சுதான். இதை நான் அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு மேலே போய்விட்டேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

துணியை எடுத்துவிடுங்கள். உள்ளே சூடாகும் சாமான் அது, மூச்சு விட வேண்டும். சந்தனம் காற்றுத் துளைகளை அடைத்திருந்தால் பல்குத்தும் குச்சியால் சுரண்டிவிடலாம். குங்குமத்தில் கை வைக்காதீர்கள்.

பிறகு ஆன்டெனா. மாமா அவை இரண்டையும் கொல்லை ரூமைப் பார்த்து நீட்டி வைத்திருந்தார், ஊருக்குப் புதியவருக்குக் கையைக் காட்டி வழி சொல்வதுபோல. குழாய் மாதிரித் திருப்பினால் அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டும் என்ற நியாயம். விஷயம் நேர்மாறு. குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை மெதுவடை வடிவத்தில் பரவுகிறது. வடையின் ஓட்டைக்குள் குச்சியைச் செருகியதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் மாவு நிறைய, குச்சியின் நுனியில் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்து நுனியை நீட்டினால் அதற்குக் கிடைப்பது வடையின் ஓட்டை. இரண்டையும் நிமிர்த்தி வையுங்கள். இதைத் தட்டில் இருக்கும் வடையைக் காட்டியே விளக்கலாம். நான் விளக்கினேன். மாமா வடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டார்.

இப்போது பெயர் சூட்டு விழா. கம்பெனி வைத்த பெயர் ஏதோ நாலு எழுத்தும் ஆறு எண்ணுமாக இருக்கும். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. வாசல் கல்வெட்டில் இருப்பதுபோல "முருகன் துணை" என்று வைக்கச் சொன்னார், அதுவும் தமிழில். தாராளமாக வைக்கலாம், ரூட்டருக்கு மொழி வெறுப்பு கிடையாது. ஆனால் வைஃபை பெயருக்கு மொத்தம் 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3. அதிலும் "மு" என்றால் மகரத்துக்கு 3, உகரக் கொம்புக்கு 3. புள்ளிக்குத் தனியாக 3. ஆக "முருகன் துணை" 34 பைட். இரண்டு அதிகம். சரி, நடுவில் இருக்கும் இடைவெளியை எடுத்துவிடலாம் என்றேன். 33. திரையில் கடைசி எழுத்து ஏற மறுத்தது. மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது, நல்ல நாளும் அதுவுமாகச் சாமி பெயர் பெட்டிக்குள் நுழையவில்லையே என்று. கடைசியில் இலக்கணம்தான் கைகொடுத்தது. எழுவாயை விளியாக்கி "முருகா துணை" என்று போட்டதும் 31 பைட். ஒரு பைட் மிச்சம் வேறு. பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு படித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பயன்பட்டது அன்றைக்குத்தான்.

(வைஃபை என்ற பெயருக்கே விரிவு கிடையாது. 1999-ல் ஒரு பெயர் வைக்கும் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து வாங்கிய பெயர் அது. "வயர்லெஸ் ஃபிடெலிட்டி" என்று யாராவது விரித்துச் சொன்னால் சபையில் மறுத்துப் பேசாதீர்கள். சித்தப்பாக்கள் அதை மன்னிப்பதில்லை.)

கடவுச்சொல்லுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்பதும், வீட்டுக் கதவு எண்ணையே இரண்டு முறை போடக் கூடாது என்பதும் போதும். மாமா அதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். பாதுகாப்பு நிபுணர்கள் பதறுவார்கள். நான் பதறவில்லை. கும்பகோணத்துக்கு வந்து, வீட்டுக்குள் புகுந்து, பால் நோட்டைத் தேடி எடுக்கிற ஹேக்கருக்கு இன்டர்நெட் கொடுக்கலாம், காபியும் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், அது ஓவா, பூஜ்யமா என்று அன்றே கேட்டு எழுத வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் போனில் "வட்டமா இருக்கு மாப்பிள்ளை" என்பார்.

அடுத்து கொல்லை ரூம். வாசலிலிருந்து அங்கே போக நடை, கூடம், முற்றம், சாமி அறை தாண்ட வேண்டும். சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒன்றரை அடி அகலத்துக்குக் கட்டிய சுவர்கள். கம்ப்யூட்டர் இரும்பு பீரோவுக்கும் நெல் மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. அதன் வைஃபை, விரல் நகமளவு யூஎஸ்பி டாங்கிள். அதைச் சுவரைப் பார்த்த பின்புற ஓட்டையில் செருகியிருந்தார்கள். ஒரு பக்கம் கம்ப்யூட்டரின் தகர உடம்பு, மறுபக்கம் பீரோ. தகரத்தை இந்த அலை துளைப்பதில்லை, பட்டுத் திரும்பிவிடும். வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாதஸ்வரம் கேட்பது போன்ற ஏற்பாடு. ஒரு முழ நீளத்துக்கு யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி டாங்கிளை மேஜை மேல் கொண்டுவாருங்கள். இந்தக் கையேட்டில் கிடைக்கும் ஒரே உருப்படியான யோசனை இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படியும் பட்டியலில் "முருகா துணை" வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெயர்கள் நாலு வந்தன. இந்த இடத்தில்தான் பல மாப்பிள்ளைகளின் மானம் போகிறது. காரணம் சின்னது. மச்சான் போன லீவில் வந்தபோது வேகம் வேண்டும் என்று 2.4 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் விட்டுப் போயிருக்கிறான். பழைய டாங்கிளுக்கு 5 என்பது காதிலேயே விழாது. தவிர 5-க்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. 2.4 நேர்மாறு, மெதுவாகப் போனாலும் முற்றத்தைத் தாண்டும். செட்டிங்ஸில் போய் 2.4-ஐ மறுபடி இயக்கியதும் பெயர் வந்துவிட்டது. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சேனல் என்று ஒன்று கேட்கும். 2.4-ல் 1 முதல் 13 வரை எண் இருக்கிறது, பார்த்தால் பதின்மூன்று பேர் படுக்கலாம் போலத் தோன்றும். திண்ணையில் எண்களை நெருக்கி எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். ஒருவர் படுத்தால் நாலு எண்ணுக்குக் கை கால் நீளும். ஒருவரை ஒருவர் உதைக்காமல் படுக்க 1, 6, 11 என்று மூன்றே இடம். தெருவில் யாரும் படுக்காத இடமாகப் பார்த்து நம் ஆளைப் படுக்க வையுங்கள்.

இனிமேல்தான் சோதனை. சோதனையின்போது கறுப்புத் திரையைத் திறப்பது அவசியம். கமாண்ட் பிராம்ப்ட் என்பார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்தாலே வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள், உள்ளிருந்து காபி வரும்.

முதலில் கம்ப்யூட்டருக்கு என்ன விலாசம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரூட்டர் வரவேற்று உள்ளே உட்கார வைத்திருக்கிறது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால் யாரும் வாங்க என்று சொல்லவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒரு விலாசத்தை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. அப்படி இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள், இணைப்பைத் துண்டித்து மறுபடி சேருங்கள்.

அடுத்தது பிங். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், நெட்வொர்க் ஒன்று தகராறு செய்கிறதே என்று ஒரே இரவில் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை வைத்துப் பெயரிட்டார். "இருக்கீங்களா?" என்று கேட்கும், எதிராளி "இருக்கேன்" என்றால் எத்தனை மில்லி செகண்டில் சொன்னார் என்று குறித்துக்கொள்ளும். வேறு வேலை இல்லை. நம் ஊர்க் கிழவிகள் மாலையில் வாசல் வாசலாகச் செய்வதுதான்.

இதில் வரிசை முக்கியம். பக்கத்திலிருந்து தொடங்கித் தூரம் போக வேண்டும். முதலில் 192.168.1.1, அதாவது ரூட்டர் (சில வீட்டில் எண் சற்று மாறும், கேட்வே என்று போட்டிருப்பதைப் பாருங்கள்). அது பதில் சொன்னால் வைஃபை பிழைத்தது. பிறகு 8.8.8.8, கூகுளின் வாசல். அதுவும் பதில் சொன்னால் வெளி லைன் நன்றாக இருக்கிறது. பிறகு எண்ணாக இல்லாமல் ஏதாவது ஒரு தளத்தின் பெயரை அடியுங்கள். எண் வேலை செய்து பெயர் வேலை செய்யாவிட்டால், பெயரைச் சொன்னால் கதவு எண் சொல்லும் தெருமுனைக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம். அவருக்குப் பெயர் டிஎன்எஸ். இந்த மூன்று படியில் எது வழுக்குகிறது என்று தெரிந்துவிட்டால் யாரைத் திட்டுவது என்பது தெளிவாகிவிடும். ஆனால் வழக்கத்தில் எல்லோரும் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டுவதில் தொடங்கி, ஒயர் செருகியிருக்கிறதா என்று பார்ப்பதில் முடிக்கிறார்கள்.

மாமா வீட்டில் ரூட்டரின் பதில் 3, 4, 3, பிறகு 870 மில்லி செகண்ட், பிறகு "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்". நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து போன மாதிரி. அந்தச் சமயம் பார்த்து அத்தை தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியை ஓட்டினார். "அதான் காரணம்!" என்று மச்சான் துள்ளினான். நான் மிக்ஸியை விடுதலை செய்தேன். அதன் இரைச்சல் காதுக்குத்தான், அந்த வயதான வால்வு ரேடியோ காலத்துக் குற்றச்சாட்டு இன்றைய வைஃபையிடம் அவ்வளவாக எடுபடாது. உண்மையான குற்றவாளி மைக்ரோவேவ் அடுப்பு. அது இயங்குவதும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில், கதவு இடுக்கில் கசிகிற துளி போதும். ஆனால் அந்த வீட்டில் மைக்ரோவேவே கிடையாது. கண்டுபிடிப்பைச் சொன்ன பெருமை மட்டும் மிஞ்சியது.

ஆகவே நடந்து பார்க்க வேண்டியதாயிற்று. போனில் சிக்னல் அளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை மெல்ல நடந்தேன். பின்னால் மாமா, மாமாவுக்குப் பின்னால் மச்சான், எதற்கென்று தெரியாமலே இரண்டு வாண்டுகள். ஷோகேஸ் அருகில் மைனஸ் 35. முற்றத்தில் மைனஸ் 58. சாமி அறை தாண்டியதும் மைனஸ் 79.

"எல்லாமே மைனஸா இருக்கே. நஷ்டத்துல போகுதா மாப்பிள்ளை?"

நஷ்டமில்லை. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். ஒவ்வொரு பத்து இறங்கும்போதும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். மைனஸ் 70-ல் வந்து சேர்வது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. அந்தக் கோடியில் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் சீரியல் ஓடுகிறது. மைனஸ் 67 வரை கவலையில்லாமல் படம் பார்க்கலாம், 80-ஐத் தொட்டால் ஆளை விடு என்றுவிடும். மாமா இதை வாயைத் திறந்து கேட்டார். கோடியில் ஒரு பங்கு என்றதும் சாமி அறையைத் திரும்பிப் பார்த்தார்.

சுவர் அலையை விழுங்குவது ஒரு பக்கம், எதிரொலித்து ஒன்றின் மேல் ஒன்றாகக் குழப்புவது இன்னொரு பக்கம். இந்த எதிரொலிச் சிக்கலுக்கு ஒரு நல்ல தீர்வைக் கண்டவர்களில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ குழு முக்கியமானது. 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அந்தக் குழுவின் ஜான் ஓ'சல்லிவன் அதற்கு முன் செய்துகொண்டிருந்தது, வெடிக்கும் கருந்துளைகளின் ரேடியோ ஒலியைத் தேடும் வேலை. கருந்துளை கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் கை வந்த கணக்கு இங்கே கும்பகோணத்தில் நெல் மூட்டைக்கு நடுவில் வேலை செய்கிறது. ஆனால் எத்தனை பெரிய கணக்காக இருந்தாலும் ஒன்றரை அடிச் சுவர் மூன்றைத் தாண்ட வைக்க முடியாது. ஒயரை நீட்டி ரூட்டரை முற்றத்துத் தூணுக்கு மாற்றலாம் என்றேன். ஷோகேஸ்தான் லட்சணமாக இருக்கிறது என்று அத்தை சொல்லி அனுப்பினார். கம்ப்யூட்டரை முற்றத்து ஓரத்து அறைக்கு மாற்றினோம். மைனஸ் 61. பிங் ஒழுங்காக நாலும் வந்தது.

வேகம் பார்ப்பதைச் சட்டென்று முடித்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் என்று பணம் கட்டினால் ஃபைல் இறங்கும்போது 12.5 என்றுதான் திரை சொல்லும், அவர்கள் பிட்டில் விற்கிறார்கள், நாம் பைட்டில் வாங்குகிறோம். எட்டால் வகுத்தால் சரியாக வரும். தங்கத்தைக் கிராமில் கேட்டுச் சவரனில் யோசிக்கிற குடும்பத்துக்கு இது சுலபமாகப் புரியும்.

இன்னொன்று, கீழ் மூலையில் "இன்டர்நெட் இல்லை" என்று விண்டோஸ் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அது மைக்ரோசாஃப்டின் ஒரு குட்டிப் பக்கத்தை எடுக்க முயன்று பார்க்கிறது. அதில் இருப்பது மொத்தம் மூன்று சொல், மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட். அது வந்தால் உலகம் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. சில சமயம் அந்தப் பக்கம் மட்டும் வராமல் மற்றதெல்லாம் வரும்.

மூன்று நாள் இருந்தேன். மூன்று நாளும் காலை, மதியம், இரவு பிங் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை. விடியற்காலையில் போய்ச் சாயங்காலம் வரும் என்றார்களே, அந்த நோய் தானாகவே ஓடிவிட்டது. நிபுணர் வந்தால் அப்படித்தான் என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டேன். ஸ்டேஷனில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பெனிக்காரன் மூணு தடவ வந்தும் முடியல" என்றார்.

ஊருக்கு வந்த மறுநாள் போன். மறுபடி விடியற்காலையில் போய்விட்டதாம். அடுத்த இரண்டு மாதம் நான் செய்த வைத்தியங்களை வரிசையாகச் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். சேனலை 11-லிருந்து 1-க்கு மாற்ற வைத்தேன். ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்க வைத்தேன். ஐபி விலாசத்தின் குத்தகைக் காலம் காலை ஆறு மணிக்கு முடிகிறதோ என்று ஒரு கொள்கையே உருவாக்கினேன், அலுவலகத்தில் உண்மையான நெட்வொர்க் என்ஜினீயர் ஒருவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். மாமா சாயங்காலம் ஆறரைக்குப் போன் செய்து, "இப்ப வந்துடுச்சு மாப்பிள்ளை, நீங்க மாத்தினது வேலை செய்யுது" என்பார். மறுநாள் காலை போய்விடும். ரூட்டரில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டால், துணி போட்டு மூடியிருக்கிறதே என்றார். துணி திரும்பவும் ஏறிவிட்டது.

பொங்கலுக்குப் போனோம். ரயில் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தது, நான் தூக்கக் கலக்கத்தோடு வாசல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தார், கையைத் துடைத்தார், ஷோகேஸுக்குப் பின்னால் கையை விட்டார். டக்.

"அத்தை, என்ன அணைச்சீங்க?"

"கொசு மருந்துதான் மாப்பிள்ளை. விடிஞ்சாச்சே, இனிமே எதுக்கு வீணா? சாயங்காலம் விளக்கு வச்சதும் போட்டுடுவேன்."

"தீபாவளிக்கு நான் வந்தப்ப அணைக்கலையா?"

"நீங்க பகல்ல படுத்திருந்தீங்களே, கொசு கடிக்குமேன்னு மூணு நாளும் விட்டுவச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், அதுல ஏதாவதா? என்னை யாரும் கேக்கலையே" என்றார்.

வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் "இந்த சுவிட்சை அணைக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இன்டர்நெட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. மாமா எழுதி ஒட்டியதை மதிக்கிற மனிதர். போன வாரம் போன் செய்தார். கொசு மருந்து பாட்டில் மாதம் ஒன்று ஆனது இப்போது இரண்டாகிறதாம், அதைக் குறைக்க ரூட்டரில் ஏதாவது செட்டிங்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்.